காதுக்கு இரண்டு பேர், கைக்கு ஒரே ஆள்

கேள்வி இதுதான்: "உங்களுக்கு மிகவும் பிடித்த இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் என்கிறீர்கள். அவருடைய ஆரம்பகாலப் பிரெலூட்களையும் கடைசிச் சொனாட்டாக்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் எழுதியதாகவே தெரியவில்லை. நடுவில் என்ன நடந்தது? பியானோ வாசிக்கிறவருக்கு அந்த மாற்றம் எப்படித் தெரியும்?"

பிரெலூட் என்பது குட்டி உருப்படி, சொனாட்டா என்பது பெரிய உருப்படி. இந்தக் கேள்வியோடு நானே பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். காதால் மட்டும் கேட்டால் ரஷ்யாக்காரர் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின் இரண்டு பேர்தான். 1890-களில் எழுதியவர் பியானோ மேதை ஷோபான் வீட்டுப் பிள்ளை. 1913-ல் எழுதியவருக்கு வீடு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஆனால் இரண்டு காலத்தையும் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தால், கைக்குத் தெரிவது ஒரே ஆள்தான். அதே தாவல், அதே விரல் விரிப்பு, சுரத்தை நீட்டிப் பிடிக்கிற அதே கால் பெடல். என் கணக்கில் அவர் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்தது ரொம்பக் கொஞ்சம். கையில் இருந்ததில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போனவர் அவர். எதை எப்போது விட்டார் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1872 ஜனவரி 6 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அன்றைய ரஷ்ய நாள்காட்டிப்படி அது 1871 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். பிற்காலத்தில் உலகையே மாற்றப் பிறந்தவராகத் தன்னை நினைத்துக்கொண்ட மனிதருக்கு இந்தத் தேதி ரொம்ப வசதியாகப் போயிற்று. அம்மா நல்ல பியானோ கலைஞர், லெஷெடிட்ஸ்கி என்ற பெரிய ஆசிரியரின் மாணவி. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போதே காசநோயில் போய்விட்டார். அப்பா தூதரக வேலையாகத் துருக்கிப் பக்கம் போனார். வளர்த்தது அத்தையும் பாட்டியும். ஸ்வெரேவ் என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் பியானோ கற்றார். பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ராக்மனினாவும் அங்கே மாணவர். பிறகு இருவரும் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரிக்குப் போனார்கள். ராக்மனினாவின் கை பெரிய கை என்பது ஊரறிந்த கதை. ஸ்க்ரியாபினுடையது சின்னக் கை. ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு மேல் எட்டிப் பிடிக்கவே சிரமப்படுகிற கை.

சின்னக் கைக்காரர்களுக்கு ஒரு ரோஷம் உண்டு. எனக்கும் உண்டு, அதனால் தெரியும். கூடப் படித்த லெவீன் போன்றவர்கள் அநாயாசமாக வாசித்ததைப் பார்த்துவிட்டு, இவரும் பாலகிரேவின் 'இஸ்லமே', லிஸ்ட்டின் 'டான் ஜுவான்' ஃபாண்டசி என்று உச்சக்கட்டக் கஷ்டமான உருப்படிகளை வெறிகொண்டு சாதகம் செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டார். இனி சரியாகாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இருபது வயதில் ஒரு பியானோ கலைஞனிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? 1892-ல் எழுதிய முதல் சொனாட்டா சாவு ஊர்வல இசையோடு முடிகிறது. 1894-ல் இடது கைக்கு மட்டுமே ஒரு பிரெலூடும் நாக்டர்ன் என்ற இரவுப் பாட்டு ஒன்றும் எழுதினார், ஓபஸ் 9 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). அந்த நாக்டர்னைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒற்றைக் கை என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

வலது கை பிறகு ஓரளவு தேறிவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் இடது கைக்குக் கிடைத்த பயிற்சி அவர் எழுத்திலேயே தங்கிவிட்டது. அவருடைய இசையில் இடது கை ஒருபோதும் தாளம் போடுகிற ஆள் கிடையாது. அடியில் ஒரு சுரத்தைத் தட்டி, பெடலில் அதைப் பிடித்து வைத்துவிட்டு, ஒன்றரை இரண்டு ஆக்டேவ் மேலே தாவி நடுவில் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து) பிடித்து, அதற்குள்ளேயே ஒரு பாட்டையும் இழுத்துக்கொண்டு போகும். ஓபஸ் 8-ன் பன்னிரண்டாவது எட்யூட் என்ற பயிற்சி உருப்படி, அந்த டி ஷார்ப் மைனர், எல்லோருக்கும் தெரிந்தது. ஹோரோவிட்ஸ் மேடைக்கு மேடை வாசித்துப் புகழ் சேர்த்த உருப்படி. கேட்கிறவர்கள் வலது கையின் ஆக்டேவ்களைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். வாசிக்கிறவருக்குத்தான் உயிர் போவது இடது கையில் என்று தெரியும். நான் இரண்டு மாதம் விடாமல் அதைச் சாதகம் செய்து இடது மணிக்கட்டு வீங்கி, மூன்று வாரம் பியானோவை மூடி வைத்தேன். பிறகுதான் புத்தி வந்தது: அது விரலை விரித்துப் பிடிக்கிற உருப்படி கிடையாது, தூக்கிப் போட்டுவிட்டுப் போகிற உருப்படி. சின்னக் கைக்காரர் தனக்காக எழுதியது. பிடித்து வைக்கிற வேலையைக் காலில் இருக்கிற பெடலிடம் கொடுத்துவிட வேண்டும். அவருடைய ஆசிரியர் சஃபோனோவ் மற்ற மாணவர்களிடம், 'அவன் கையைப் பார்க்காதே, காலைப் பார்' என்பாராம்.

இனி பிரெலூட்கள். ஓபஸ் 11-ல் உள்ள 24 பிரெலூட்களும் 1888-க்கும் 1896-க்கும் நடுவில் எழுதியவை. மேற்கத்திய இசையின் எல்லா மேஜர், மைனர் சுர வரிசைகளையும் தொட்டு, ஷோபானின் 24 பிரெலூட்கள் எந்த வரிசையில் போகின்றனவோ அதே வரிசையில் போகின்றன. ஷோபானின் நோட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினவர் என்பார்கள், அதனால் ஆச்சரியம் இல்லை. நான் முதலில் கற்றது நாலாவது, இ மைனர். ஷோபானிலும் நாலாவது இ மைனர்தான். ஆனால் ஷோபானில் வலது கை பாட, இடது கை கார்டுகளைத் தட்டும். இவர் அதைத் தலைகீழாக்கிப் பாட்டை இடது கையில் கொடுத்துவிட்டார். குருவுக்குக் காணிக்கையும் ஆயிற்று, குரு காலை வாரினதும் ஆயிற்று.

முதல் பிரெலூடையும் சொல்ல வேண்டும். சி மேஜர், ஐந்தைந்து சுரங்களாக ஓடுவது. நம்மூர்க் கணக்கில் கண்ட நடை. ஆனால் ஐந்தின் தொடக்கம், தாளச் சுற்றுகளைப் பிரிக்கிற பார் கோட்டில் வந்து விழாது. எடுப்பு தள்ளியே நிற்கும், கடைசி வரைக்கும். நோட்டைப் பார்த்து வாசிக்கிறவருக்குச் சமம் எங்கே என்று கண் சொல்கிறது, காது வேறு சொல்கிறது. காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாத அந்த மிதப்பு 24 வயதுக்குள்ளேயே அவரிடம் வந்துவிட்டது. கடைசிவரை அதை அவர் விடவில்லை. அவர் எதையெல்லாம் விட்டார் என்று சொல்லும்போது, விடாமல் வைத்திருந்த இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது கொஞ்சம் சங்கீதக் கணக்கு. பியானோ பக்கத்தில் இருந்தால் கூடவே தட்டிப் பாருங்கள், ஒன்றும் பயப்பட வேண்டாம்.

ஜி, பி, டி, எஃப் என்று நாலு சுரம். இதை டாமினன்ட் செவன்த் என்பார்கள். இது ஒலித்தால் காது 'சி' என்ற வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று துடிக்கும். மேற்கத்திய இசை இருநூறு வருஷம் ஓடியது இந்தத் துடிப்பில்தான். இதில் நடுவில் இருக்கும் டி-யை மட்டும் அரை சுரம் இறக்கி டி ஃப்ளாட் ஆக்குங்கள். ஜி, பி, டி ஃப்ளாட், எஃப். இப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. ஜி-யை அடியாக வைத்தால் இது சி-க்குப் போகிற கார்ட். டி ஃப்ளாட்டை அடியாக வைத்தால் அதே நாலு சுரமும் எஃப் ஷார்ப்புக்குப் போகிற கார்ட். சி-யும் எஃப் ஷார்ப்பும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரத்து ஊர்கள். ஒரே பேருந்தில் இரண்டு ஊர்ப் பெயரும் எழுதியிருந்தால் எப்படி? அவசரமாக எதிலும் இறங்கத் தோன்றாது. உட்கார்ந்தே இருக்கலாம்.

இந்தக் கார்டை ஸ்க்ரியாபின் கண்டுபிடிக்கவில்லை, பழைய சரக்குதான். ஆனால் மற்றவர்கள் அதை மசாலா மாதிரி ஒரு இடத்தில் தூவிவிட்டுப் போவார்கள். இவர் அதிலேயே தங்க ஆரம்பித்தார். இளமைக்கால உருப்படிகளில் டாமினன்டில் இரண்டு பார் நிற்பார், பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார். நடுக்காலத்தில் நாலு பார், எட்டு பார், ஒரு பக்கம் என்று நீட்டிக்கொண்டே போய்ப் பேருக்கு வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பார். கடைசிக் காலத்தில் வாசல் பக்கமே வருவதில்லை. ஏக்கம் அதே ஏக்கம்தான், தீர்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கடைசிச் சொனாட்டாக்களைக் கேட்கும்போது வரும் அந்த இனம் தெரியாத தவிப்புக்கு வேறு ரகசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பிடித்தது நடுக்காலம்தான். 1903-லிருந்து 1907 வரை. இதைச் சொன்னால் கடைசிக்காலப் பக்தர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். நாலாவது சொனாட்டா, ஓபஸ் 30, 1903-ல் எழுதியது, மொத்தமே எட்டு நிமிஷம். முதல் சொனாட்டாவில் நாலு மூவ்மென்ட், அதாவது நாலு தனிப் பகுதி, மூன்றாவதிலும் நாலு. இதில் இரண்டுதான், அவையும் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொள்கின்றன. தூரத்தில் ஒரு நட்சத்திரம், அதைப் பார்த்து ஆசை, பிறகு அதை நோக்கிப் பறப்பு என்று அவரே ஒரு கவிதை எழுதி வைத்திருக்கிறார். கவிதை சுமார்தான். ஆனால் இசையில் அது அப்படியே நடக்கிறது. ஆரம்பத்தில் மெல்லத் தேடித் தேடி மேலே ஏறுகிற அந்தச் சின்னச் சங்கதி, கடைசிப் பக்கத்தில் இரண்டு கையும் கார்டுகளை அடித்து நொறுக்க, உச்சச் சத்தத்தில் திரும்ப வருகிறது. இரண்டாவது மூவ்மென்டின் வேகக் குறிப்பில் 'பறந்துகொண்டு' என்று எழுதியிருக்கிறது. வாசிக்கிறவர் கையை எடையில்லாமல் வைத்துக்கொண்டால்தான் முடியும். இல்லாவிட்டால் அது ஓட்டம் ஆகிவிடும், பறப்பு ஆகாது. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

முடிவது எஃப் ஷார்ப் மேஜரில். இந்த எஃப் ஷார்ப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் எழுதிய ஓபஸ் 32-ன் முதல் கவிதையும் அதில்தான். ஆம், அவர் தன் உருப்படிகளுக்குக் கவிதை என்றே பெயர் வைக்க ஆரம்பித்தார். நாக்டர்ன், மசூர்கா என்று ஷோபானிடமிருந்து வந்த பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்த காலம் அது.

1904-ல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பினார். மனைவியையும் பிள்ளைகளையும் விட்டார், தத்யானா ஷ்லோட்சரோடு சேர்ந்தார், சுவிட்சர்லாந்து, இத்தாலி, அமெரிக்கா, பிரஸ்ஸல்ஸ் என்று சுற்றினார். அந்த வாழ்க்கைக் கதை வேறு எங்கும் கிடைக்கும், இங்கே அது வேண்டாம். 1907 டிசம்பரில் லோசான் நகரில் ஐந்தாவது சொனாட்டாவை ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். 'பரவசக் கவிதை' என்ற பெரிய ஆர்க்கெஸ்ட்ரா உருப்படியை முடித்த கையோடு எழுதியது.

இதில்தான் மூவ்மென்ட் என்பதையே விட்டார். பன்னிரண்டு நிமிஷம், ஒரே துண்டு. கீழ்க்கோடியில் ஒரு உறுமல் கிளம்பிச் சில நொடிக்குள் மேல்கோடிக்குப் பாய்ந்து காணாமல் போகிறது, பிறகு அமைதி. கடைசியில் அதே பாய்ச்சல் திரும்ப வந்து, மேலே போய், அவ்வளவுதான், முடிந்தது. முடிவுக் கார்ட் என்று ஒன்று கிடையாது. கச்சேரியில் இதை வாசித்தால் எப்போது கைதட்டுவது என்று சபைக்குத் தெரியாது. எனக்கும் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது. கீ சிக்னேச்சர் எழுதின கடைசிச் சொனாட்டாவும் இதுதான். ஆறாவதிலிருந்து நோட்டின் தொடக்கத்தில் ஷார்ப், ஃப்ளாட் எதுவும் இருக்காது. இன்ன வீடு என்று முகவரி எழுதுவதையே விட்டுவிட்டார்.

இந்தச் சொனாட்டாவைப் பற்றி இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ப்ரகோஃபியெவ் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ஸ்க்ரியாபின் இறந்த பிறகு, 1915-ல் ராக்மனினாவ் பழைய சகமாணவரின் நினைவாக முழுக்க முழுக்க அவர் உருப்படிகளையே வைத்துக் கச்சேரி செய்தார். ஐந்தாவது சொனாட்டாவை ஸ்க்ரியாபின் வாசித்தால் சுரங்கள் மேலே பறக்கும், ராக்மனினாவ் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தரையில் கால் ஊன்றி நின்றதாம். சபையில் இருந்த பக்தர்களுக்கு ஆத்திரம், ஒரு பாடகரைப் பிடித்து இழுத்து அடக்க வேண்டியதாயிற்று. ராக்மனினாவ் பக்கம்தான் எனக்குக் கொஞ்சம் அனுதாபம். பறக்கிறதை எழுதி வைத்துவிட்டு ஆளும் போய்விட்டால், மிச்சம் இருப்பவர் தன் கையால்தானே வாசிக்க முடியும்?

சரி, அந்தப் பிரபலமான கார்டுக்கு வருவோம். 1910-ல் முடித்த 'ப்ரொமீதியஸ்' என்ற உருப்படியில் அவர் அடித்தளமாக வைத்த ஆறு சுரங்கள்: சி, எஃப் ஷார்ப், பி ஃப்ளாட், இ, ஏ, டி. மர்மக் கார்ட் என்று பெயர் வைத்து இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வானத்திலிருந்து இறங்கியது போலப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. இந்த ஆறில் சி, இ, எஃப் ஷார்ப், பி ஃப்ளாட் நாலையும் தனியாக எடுங்கள். மேலே சொன்ன இரண்டு ஊர்ப் பேருந்து அதேதான். அதோடு டி, ஏ என்று இரண்டு சுரம் கூடுதல், இரண்டும் ஷோபானே டாமினன்ட் மேல் வைத்து அலங்கரித்தவை. அடுக்கை மட்டும் மாற்றி, நாலு நாலு சுரம் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார், அதனால் முகம் மாறித் தெரிகிறது. இருபது வயதில் தெரிந்த டாமினன்டின் பேரப்பிள்ளை இது. விரலை வைத்துப் பார்த்தால் குடும்பச் சாயல் உடனே தெரியும்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் இதை வேறு மாதிரி பிடித்துக்கொள்ளலாம். சி-யை ஷட்ஜமாக வைத்தால் மற்ற ஐந்தும் சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். வாசஸ்பதியில் பஞ்சமத்தை எடுத்துவிட்டால் கிடைப்பவை. அவருக்கு வாசஸ்பதி தெரியும் என்றெல்லாம் கிளப்பிவிடாதீர்கள், தற்செயல்தான். ஆனால் ஒரு ஒற்றுமை உண்மையானது. கடைசிக்கால உருப்படிகளில் பாட்டு தனி, கார்ட் தனி என்ற பிரிவு கிடையாது. அந்த ஆறு ஏழு சுரங்களை வரிசையாக வாசித்தால் பாட்டு, சேர்த்து அமுக்கினால் கார்ட். உருப்படி முழுக்க அந்தச் சுரக்கூட்டத்துக்குள்ளேயே வாழும், வேண்டுமானால் மொத்தமாகத் தூக்கி வேறு ஷட்ஜத்தில் வைப்பார். மெலடி, ஹார்மனி என்று ஐரோப்பா பிரித்து வைத்திருந்த சுவரையும் விட்டாயிற்று. 1910-ல் வந்த ஓபஸ் 58, ஆல்பத் தாள் என்ற குட்டி உருப்படி, இதற்கு மிகச் சுலபமான உதாரணம். ஒரு நல்ல மாணவர் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

ப்ரொமீதியஸ் என்றாலே வெளிச்ச விவகாரம் வந்துவிடும். பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா, வார்த்தையில்லாமல் பாடும் கோரஸ், அதோடு அரங்கில் நிறங்களைப் பாய்ச்ச ஒரு தனிக் கீபோர்ட். சி சிவப்பு, டி மஞ்சள், எஃப் ஷார்ப் பளீர் நீலம். அவருக்கு ஒலி நிஜமாகவே நிறமாகத் தெரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அவர் நிறப் பட்டியலை ஐந்தாம் சுர வரிசையில் (சி, ஜி, டி, ஏ என்று) அடுக்கினால் ஏறக்குறைய வானவில் வரிசையில் வந்து நிற்கிறது. இவ்வளவு ஒழுங்காக இருப்பது தானாகக் கண்ணில் தெரிந்ததாக இருக்காது, உட்கார்ந்து யோசித்ததாகவே இருக்கும் என்பது என் சந்தேகம். 1911 மார்ச்சில் மாஸ்கோவில் குசெவிட்ஸ்கி நடத்திய முதல் நிகழ்ச்சியில் வெளிச்சமே இல்லை. 1915 மார்ச் 20 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில்தான் நிறங்களோடு நடந்தது. அப்போது அவர் ரஷ்யாவில் இருந்தார், பார்க்கவில்லை.

ஆனால் இந்த உருப்படியின் முடிவைக் கேளுங்கள். இருபது நிமிஷம் ஒரு இடத்திலும் வீடு திரும்பாத இசை, கடைசிக் கணத்தில் கலப்படமே இல்லாத எஃப் ஷார்ப் மேஜரில் வந்து வெடிக்கிறது. நாலாவது சொனாட்டாவின் அதே நட்சத்திரம். எல்லாவற்றையும் விட்டவர் இதை மட்டும் இன்னும் விட மனசில்லாமல் வைத்திருந்தார் போல.

அப்புறம் 1911-லிருந்து 1913-க்குள் ஐந்து சொனாட்டாக்கள், ஆறு முதல் பத்து வரை. எல்லாம் ஒரே மூவ்மென்ட். ஆறாவதைக் கண்டு அவரே பயந்தார் என்பார்கள், பொது மேடையில் வாசிக்கவில்லை. எட்டாவதையும் வாசித்ததில்லை. எட்டாவது எனக்கு இன்னும் திறக்கவில்லை, அழகான கதவு என்பதோடு நிற்கிறேன். ஏழாவது அவருக்கு ரொம்பப் பிடித்தது. 'வெள்ளைப் பூசை' என்று அவரே பெயர் வைத்தார். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் 25 சுரங்கள் கொண்ட ஒரு கார்ட் இருக்கிறது, ஐந்து ஆக்டேவுக்குக் கீழிருந்து மேலே வாரி இறைப்பது. பத்து விரல்காரர்கள் என்ன செய்வது? பழைய வைத்தியம்தான், தட்டு, பெடலில் பிடி, தாவு. 1894-ல் இடது கைக்காகக் கற்ற பாடம்.

ஒன்பதாவதை 'கருப்புப் பூசை' என்பார்கள், அந்தப் பெயர் அவர் வைத்ததல்ல, நண்பர் ஒருவர் வைத்தது, இவர் மறுக்கவில்லை. எட்டு ஒன்பது நிமிஷம். இரண்டு குரல்கள் அரை அரைச் சுரமாக இறங்கி வருவதோடு தொடங்குகிறது. பிறகு ஒரு இனிமையான பாட்டு வருகிறது. மேலும் மேலும் கொஞ்சுகிற, விஷம் கலந்த இனிமை என்ற பொருளில் பிரெஞ்சில் குறிப்பு எழுதியிருக்கிறார். எப்படி வாசித்தால் விஷம் வரும் என்று சொல்லவில்லை! பெடலைச் சுத்தமாக மாற்றாமல் முந்தின கார்டின் கசடைக் கொஞ்சம் விட்டு வைத்தால் வருகிறது என்பது என் அனுபவம். அந்த இனிய பாட்டே பின்னால் கோரமான அணிவகுப்பாக மாறுகிறது. முழு உருப்படியும் வேகம் ஏறிக்கொண்டே போகிறது, உச்சியில் போய் நொறுங்கியதும், ஒன்றுமே நடக்காதது போல முதல் வரி திரும்ப வந்து நிற்கிறது.

பத்தாவது அதற்கு நேர் எதிர். வெயில். ட்ரில், ட்ரில், எங்கு பார்த்தாலும் ட்ரில். பூச்சிகள் சூரியனின் முத்தங்கள் என்று அவர் சொல்லிவைத்ததால் பூச்சிச் சொனாட்டா என்ற பெயரும் வந்துவிட்டது. ட்ரில் என்பது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி அடிப்பது. வழக்கமாக அது அலங்காரம், முடிவுக்கு முன்னால் வைக்கும் தோரணம். இங்கே அதுதான் இசையே. கார்டுகளே நடுங்குகின்றன. என் வீட்டில் இருக்கும் சின்ன அப்ரைட் பியானோவில் கீ திரும்ப எழும்பும் வேகம் போதாது, கொஞ்சம் ஈரம் ஏறிவிட்டால் ட்ரில் பாதி சுரத்தை விழுங்கிவிடும். நல்ல கிராண்ட் பியானோ கிடைக்கிற நாளில்தான் இதைத் தொடுவேன்.

இவ்வளவும் ஒரு பெரிய காரியத்துக்கு முன்னோட்டம் என்றுதான் அவர் நினைத்தார். 'மிஸ்தீரியம்' என்று ஒரு திட்டம். இமயமலை அடிவாரத்தில் ஏழு நாள் நடக்க வேண்டிய நிகழ்ச்சி: இசை, நடனம், வாசனை, வெளிச்சம், முடிவில் மனித குலமே வேறு நிலைக்குப் போய்விடும். 1905-லிருந்து பிளவாட்ஸ்கியின் தியோசபி (பிரம்மஞானம்) நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார். சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கிற அதே தியோசபிகல் சொசைட்டியின் நூல்கள்தான். 1914-ல் லண்டன் போனபோதும் தியோசபிக்காரர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். இந்தியப் பயணத்துக்கு வெயில் தொப்பி வரை வாங்கி வைத்தார். கிளம்பவில்லை. இந்தியாவைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதெல்லாம் ஐரோப்பியப் புத்தகங்களின் இந்தியாதான், ஆகவே நாம் இதில் பெருமைப்பட ரொம்ப ஒன்றுமில்லை. கேட்கிறவர் என்று யாருமே இருக்கக் கூடாது, எல்லோரும் பங்கெடுப்பவர்கள் என்பது திட்டத்தின் விதி. ஆக, சபையையும் விடத் தயாராகிவிட்டார்.

1914-ல் எழுதிய 'தீச்சுடரை நோக்கி', ஓபஸ் 72, ஆறு நிமிஷம். அரை சுரம் இறங்குகிற ஒரு பெருமூச்சு, அதுதான் மொத்தச் சங்கதியும். பியானோவின் அடிவயிற்றில் மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, ட்ரெமோலோவாக நடுங்கி, மேலே கார்டுகள் எக்காளம் போல அடிக்க முடிகிறது. மேடையில் இதை வாசிக்கும்போது ஒரே சிக்கல், அவசரப்பட்டுவிடுவது. இரண்டாம் பக்கத்திலேயே தீ வைத்துவிட்டால் கடைசிப் பக்கத்தில் எரிக்க ஒன்றும் இருக்காது.

அதே வருஷத்து ஓபஸ் 74, ஐந்து பிரெலூட்கள், அவர் முடித்துக் கொடுத்த கடைசி உருப்படி. பார்த்தீர்களா, பிரெலூட் என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டார். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிஷம். இரண்டாவதில் இடது கை ஒரே ஐந்தாம் இடைவெளியை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே ஒரு வரி நகர மனசில்லாமல் நகர்கிறது. அதை முதலில் வாசித்த அன்று என் கை தானாகவே ஓபஸ் 11-ன் நாலாவதுக்குப் போனது. அங்கேயும் ஒரு கை நிற்க ஒரு கை பாடும். நடுவில் கால் நூற்றாண்டு.

1915 ஏப்ரல் 27 அன்று இறந்தார், 43 வயது. மேல் உதட்டில் வந்த ஒரு கட்டி சீழ் வைத்து, இரத்தத்தில் நஞ்சு பரவிவிட்டது. இமயமலைத் திட்டத்தில் மிஞ்சியது அதன் முன்னுரைக்கான சில பத்துப் பக்கக் குறிப்புகள்.

எங்கே தொடங்கிக் கேட்பது என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். 1910-ல் வெல்டே மிக்னோன் நிறுவனத்துக்காக அவரே மாஸ்கோவில் வாசித்த பியானோ ரோல்கள் இன்றும் கிடைக்கின்றன. துளையிட்ட காகிதச் சுருள், இன்னொரு பியானோவில் மாட்டினால் அவர் அழுத்தின சுரங்களைத் தானே வாசிக்கும். தொடுகையின் மென்மை முழுதாக வராது, ஆனால் எந்தச் சுரம் எப்போது விழுந்தது என்பது ஏறக்குறைய அப்படியே வரும். அதில் ஓபஸ் 11-ன் முதல் பிரெலூடும் இருக்கிறது, 1908-ல் எழுதிய ஓபஸ் 57-ன் 'ஆசை'யும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'ஆசை' மிதக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள், மிதக்கிறது. ஆனால் சி மேஜர் பிரெலூடும் அப்படித்தான் போகிறது. வேகம் ஒரு பார் கூட நிலையாக நிற்பதில்லை, திடீரென்று பாய்கிறது, திடீரென்று மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை வருஷம் நான் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தக் கண்ட நடை, எழுதினவர் கையில் எண்ண முடியாமல் போகிறது.